கணினி உதிரிபாகம் வாங்கப் போகும் முன்

அரசுப் பள்ளிகளின் கணினி அறையில் இன்று இரண்டு வகைக் கணினிகள் இருக்கின்றன. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு வந்தவை ஒரு வகை. அவற்றுக்கெனத் தனிப் பராமரிப்பு ஏற்பாடு உண்டு. பழுதானால் முறைப்படி புகார் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாம் திருப்புளியை எடுக்கக் கூடாது. இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. முன்னாள் மாணவர்களோ ஊர்ப் பெரியவர்களோ நன்கொடையாகத் தந்தவை, பழைய திட்டங்களில் வந்து உத்தரவாதக் காலம் முடிந்தவை, தலைமையாசிரியர் அறையில் இருக்கும் கணினி, அதனோடு இணைந்த அச்சுப்பொறி ஆகியவை இரண்டாவது வகை. இவற்றுக்கு நம்மைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை.

இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு இரண்டு என இவை துணி போர்த்தப்பட்டு மூலைக்குப் போகின்றன. பத்துக் கணினிகள் இருந்த அறையில் ஆறுதான் ஓடுகிறது என்றால், முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு கணினிக்கு ஐந்து பேர். விசைப்பலகை ஒருவர் கையில். மற்ற நால்வரும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒருவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வீட்டிலோ மாமா வீட்டிலோ கணினியைத் தொட்டுப் பழகிய பிள்ளை. தொடவே வாய்க்காத பிள்ளை, பள்ளியிலும் தொடாமலேயே வீட்டுக்குப் போகிறது. மூலையில் கிடக்கும் நான்கு கணினிகளில் இரண்டாவது சில நூறு ரூபாய்ச் செலவில் எழுந்து உட்காரக்கூடியவை என்பது என் அனுபவம். அந்தச் சில நூறு ரூபாயை எந்தக் கடையில், எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் பலருக்கும் தயக்கம்.

முதலில் மூடியைத் திறவுங்கள்

கடைக்குப் போக வேண்டிய தேவையே இல்லாத பழுதுகள் நிறைய. சுவர் இணைப்பிலிருந்து மின்கம்பியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். கணினி ஓடுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. 'பீப் பீப்' என்று ஒலி மட்டும் வருகிறது என்றால் ரேம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, துகள்களை ஊதிவிட்டு, 'க்ளிக்' என்ற ஒலி வரும்வரை மீண்டும் பொருத்துங்கள். மழைக்காலம் முடிந்து பள்ளி திறந்ததும் வரும் பழுதுகளில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஒவ்வொரு நாளும் தேதியும் நேரமும் தவறாக வருகிறதென்றால் மதர்போர்டில் உள்ள காசு போன்ற பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கும். சி.ஆர்.2032 என்று பெயர், 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் பல 'பாதுகாப்பற்றது' என்று எச்சரித்துத் திறக்க மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு இணைய இணைப்பே கோளாறு என்று பல நாள் அலைந்தவர்களும் உண்டு.

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதைப் பெட்டியோடு மாற்றுவதுதான் முறை. மாணவர்களை இந்த வேலைகளில் இறக்காமல், பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து பழுது நீங்கவில்லையென்றால், பழுதான பாகத்தில் ஒட்டியிருக்கும் விவரச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுங்கள். "ஒரு ரேம் கொடுங்க" என்று கடையில் போய் நிற்பது, "ஒரு செருப்பு கொடுங்க" என்று அளவு சொல்லாமல் கேட்பது போலத்தான். ரேம் சீட்டில் 'பி.சி.3' என்று இருந்தால் அது டி.டி.ஆர்.3; 'பி.சி.4' என்றால் டி.டி.ஆர்.4. முன்னதில் 240 தொடுமுனைகள், பின்னதில் 288. விளிம்பிலுள்ள வெட்டு இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. அழுத்தினால் மதர்போர்டுதான் கெடும். பத்தாண்டுக்கு முந்தைய நன்கொடைக் கணினிகள் பெரும்பாலும் டி.டி.ஆர்.3 வகை. புதிய பொருள் விற்கும் கடைகளில் இது இப்போது அரிது. முடிந்தால் படத்தோடு பழைய ரேமையும் காகித உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

எந்தக் கடை?

பெரிய கண்ணாடிக் கதவும் விளம்பரப் பலகையும் வைத்த கடை புதிய மடிக்கணினி விற்கும் கடை. அங்கே உதிரிபாகம் கேட்டால், "சார், இதுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம்" என்ற பதில்தான் வரும். அவர்கள் வணிகம் அது, குறை சொல்வதற்கில்லை. நமக்கு வேண்டியது பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவிலோ மாடிப்படிக்குக் கீழேயோ இருக்கும் சர்வீஸ் கடை. மேசை மேல் திறந்துகிடக்கும் நான்கு கணினிகள், அருகே சால்டரிங் இரும்பு, சுவரில் தொங்கும் கேபிள்கள். இப்படி ஒரு கடை ஏறத்தாழ எல்லாத் தாலுகா ஊர்களிலும் இருக்கிறது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கணினியை நம்பிப் பிழைப்பவர்களைக் கேளுங்கள். இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, பத்திரம் எழுதுபவர், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகம் என ஒவ்வோர் ஊரிலும் இவர்கள் உண்டு. இவர்களுக்குக் கணினி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்பதைவிட, "கெட்டுப்போனபோது எங்கே கொண்டுபோனீர்கள்?" என்று கேட்பது நல்லது. நான்கு பேரைக் கேட்டால் அதில் இரண்டு மூன்று பேர் ஒரே கடையைச் சொல்வார்கள். கைப்பேசி வரைபடத்தில் தெரியும் நட்சத்திர மதிப்பீடுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சிற்றூர்க் கடைக்கு வரும் ஏழெட்டு மதிப்பீடுகளில் பாதி கடைக்காரரின் உறவினர்களுடையதாக இருக்கலாம்.

முதல் முறையே பெரிய வேலையைக் கொடுக்காமல், ஒரு மவுஸோ ஒரு கேபிளோ வாங்கிப் பாருங்கள். அப்போது கடைக்காரர் பேசும் விதத்தைக் கவனியுங்கள். நாம் ஒரு பொருளின் பெயரைச் சொன்னதும் எடுத்து நீட்டிவிடுகிறவரை விட, "எந்த போர்டு, எத்தனை வருஷத்து மெஷின், எதுக்குப் பயன்படுத்துறீங்க?" என்று திருப்பிக் கேட்பவரே நமக்கு உதவுவார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே திருப்பித் தருபவர் இன்னும் நல்லவர். "போர்டு போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். உண்மையிலேயே சோதித்தவர் காட்டுவார்: வேறு ரேம், வேறு மின்வழங்கி போட்டுப் பார்த்ததைச் சொல்வார், மதர்போர்டில் மேற்பகுதி புடைத்து நிற்கும் கெபாசிட்டர்களைத் தொட்டுக் காட்டுவார்.

எங்கள் பள்ளி அலுவலகக் கணினிக்கு ஒரு கடையில் மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றவேண்டும் என்றார்கள். விலைப்புள்ளியும் எழுதித் தந்தார்கள். அதே கணினியை இன்னொரு கடைக்காரர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு மின்வழங்கிப் பெட்டியை மட்டும் மாற்றினார். அடுத்த இரண்டு பொதுத்தேர்வுப் பணிகளையும் அந்தக் கணினிதான் செய்தது. முதல் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்க்கும் பொறுமை அவரிடம் இல்லை.

ரிச்சி தெருவுக்குப் போகலாமா?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் ரிச்சி தெருவைப் பற்றிக் கேள்விப்படாத கணினி ஆசிரியர் இருக்க முடியாது. தில்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் சாலை, பெங்களூருக்கு எஸ்.பி. சாலை எப்படியோ, தமிழ்நாட்டுக்கு அது அப்படி. வேறெங்கும் கிடைக்காத பழைய பாகம் அங்கே கிடைக்கும், விலையும் குறைவு.

ஆனால் ஒரே ஒரு ரேம் வாங்க ஆரணியிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ அங்கே போவது கணக்குக்கு ஒத்துவராது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் விடுப்பும் போக மிச்சம் ஒன்றும் இராது. அதைவிட முக்கியம், ஒரு வாரத்தில் பொருள் கெட்டால் மறுபடி போக வேண்டும். பத்துப் பதினைந்து பாகங்கள் ஒரே நேரத்தில் தேவைப்படும்போதோ, உள்ளூரில் கிடைக்கவே இல்லை என்று உறுதியான பிறகோ போகலாம். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை மறவாதீர்கள். முதல் கடையிலேயே வாங்காமல் நான்கு கடைகளில் விலை கேளுங்கள். தெருவோரம் நின்று "என்ன சார் வேணும்?" என்று அழைத்துப் போகிறவர்களின் பின்னால் போக வேண்டாம்.

உள்ளூர்க் கடைக்காரர் நூறு இருநூறு கூடுதலாகச் சொன்னால் நான் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை. வினாத்தாள் அச்சிடும் நாளில் கணினி நின்றுபோனால் மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கே வந்து பார்ப்பவர் அவர்தான்.

பெட்டிக்குள் இருப்பது புதியதுதானா?

பழைய கணினிக்கு ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக இதைப் பொருத்தினால், ஐந்து நிமிடம் எடுத்துத் திறக்கும் கணினி ஒரு நிமிடத்துக்குள் திறக்கும். நாற்பது நிமிடப் பாடவேளையில் இது சிறிய வேறுபாடன்று. பழைய கணினிக்கு 2.5 அங்குல 'சாட்டா' வகை வேண்டும். சூயிங்கம் பட்டை போல மெல்லிதாக இருக்கும் 'என்.வி.எம்.இ.' வகையைத் தள்ளுபடியில் தந்தாலும் அதில் பொருத்த இடம் இருக்காது.

பயன்படுத்திய வன்தட்டைத் துடைத்துப் புதியதென்று விற்பதும் நடக்கிறது. வாங்கும்போதே கடைக் கணினியில் இணைத்து, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அந்தத் தட்டு இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் தெரியும். புதியதென்றால் ஒற்றை இலக்கத்துக்குள் இருக்க வேண்டும். பயன்படுத்தியதை, பயன்படுத்தியது என்று சொல்லி, குறைந்த விலைக்கு, எழுத்தில் உத்தரவாதத்தோடு தந்தால் ரேம் போன்றவற்றை வாங்குவதில் தவறில்லை. வன்தட்டையும் மின்வழங்கியையும் மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்.

பென்டிரைவில் வேறு மாதிரியான மோசடி. வெளியே 64 ஜி.பி. என்று அச்சடித்து, உள்ளே அதில் ஒரு பங்குதான் இருக்கும். கணினியும் 64 என்றே காட்டும். நிரப்பும்போதுதான் கோப்புகள் கெடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருள் முழுவதும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

மாணவர்களின் மடிக்கணினிச் சார்ஜரைப் பற்றியும் நம்மிடம் கேட்பார்கள். புதிய சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு பழையதோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. சார்ஜர், திரை, யு.பி.எஸ். போன்றவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக்குறி இருக்க வேண்டும்: 'ஆர்' என்ற எழுத்தும் அதையடுத்து எட்டு இலக்க எண்ணும். அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணை இட்டால் எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். யு.பி.எஸ். மின்கலம் (சிறிய யு.பி.எஸ்.களில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி) வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடை அலமாரியில் ஓராண்டு சும்மா கிடந்தாலே அதன் ஆயுள் குறைந்திருக்கும்.

அச்சுப்பொறி டோனரில் மட்டும் எனக்கு இன்னும் தீர்மானமான கருத்து இல்லை. பல பள்ளி அலுவலகங்களில் உள்ள எச்.பி. லேசர்ஜெட் 1020க்கு 12ஏ டோனர். ரீஃபில் செய்தால் செலவு மிகக் குறைவு. ஆனால் மூன்றாவது நான்காவது ரீஃபிலில் டிரம் தேய்ந்து தாளில் நெடுக்காகக் கருங்கோடு விழத் தொடங்கும். மாற்றுச்சான்றிதழ் அச்சிட ஒன்று, மற்ற வேலைக்கு ஒன்று என இரண்டு டோனர்கள் வைத்துக்கொள்கிற பள்ளிகளும் உண்டு.

ரசீது

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, மூன்று விலைப்புள்ளி பெற்று, இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவது நாம் அறிந்த நடைமுறைதான். அதற்கு மேல் ரசீதில் நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, பாகத்தின் வரிசை எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் உத்தரவாதம் கேட்டுப் போனால் "இது எங்க கடைல வாங்கினது இல்ல" என்று சொல்லிவிடலாம். இரண்டு, கடையின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். கூட்டு வரித் திட்டத்தில் இருக்கும் சிறிய கடை, வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. அவர் தருவது வரி ரசீது அன்று, வழங்கல் சீட்டு. அவரிடம் 18 விழுக்காடு வரி சேர்த்த சீட்டு வந்தால் ஏற்க வேண்டாம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. குறைபாடுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் சொல்லாதபோது 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ரசீது தராததும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அழைக்கும் நிலை வந்ததில்லை. சட்டம் தெரிந்தவர் என்று கடைக்காரருக்குத் தெரிந்தாலே பெரும்பாலும் போதும்.

இதையே பாடமாக்கலாம்

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் தள்ளுபடியும் சரக்கு மற்றும் சேவை வரியும் வருகின்றன. பாடநூல் கணக்குகளை முடித்த பிறகு மூன்று விலைப்புள்ளிகளைக் கரும்பலகையில் எழுதினேன். எண்கள் வகுப்புக்காக நான் வைத்தவை. முதல் கடை: ரூ.1,500, வரி 18 விழுக்காடு தனி, மூன்று ஆண்டு உத்தரவாதம். இரண்டாம் கடை: வரி உட்பட ரூ.1,800, அதில் 5 விழுக்காடு தள்ளுபடி, ஓராண்டு உத்தரவாதம். மூன்றாம் கடை: ரூ.1,650, ரசீது கிடையாது. எங்கே வாங்கலாம்?

முதல் கடையில் ரூ.1,770, இரண்டாவதில் ரூ.1,710 என்று குழுக்கள் விரைவில் கண்டுபிடித்தன. பெரும்பாலோர் கை மூன்றாம் கடைக்கே உயர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "ரசீது இல்லன்னா கெட்டுப்போனா யார்கிட்ட போறது?" என்றாள். அதன் பிறகு வகுப்பு தானாகவே நடந்தது. உத்தரவாதமுள்ள ஓராண்டுக்கு முதல் கடையில் ரூ.590, இரண்டாம் கடையில் ரூ.1,710 என்று வகுத்துப் பார்த்தவர்கள் அவர்களே.

இன்னொரு கேள்வியும் நன்றாக வேலை செய்யும். வரி உட்பட ரூ.1,180 என்றால் வரி எவ்வளவு? 1,180இல் 18 விழுக்காடு கண்டு ரூ.212.40 என்பார்கள். சரியான விடை ரூ.180, அதிலும் மத்திய வரி ரூ.90, மாநில வரி ரூ.90. ரூ.1,000க்கு வரி போட்டு ரூ.1,180 வருவதைச் செய்து காட்டினால்தான் நம்புகிறார்கள்.

அடுக்குகள் பாடத்துக்கும் ஒன்று உண்டு. 256 ஜி.பி. என்று வாங்கிய எஸ்.எஸ்.டி.யைக் கணினி 238 என்று காட்டும். கடைக்காரர் 18 ஜி.பி.யை எடுத்துக்கொண்டாரா? இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.க்கு 10இன் அடுக்கு 9 பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 2இன் அடுக்கு 30 என்று கணக்கிடுகிறது. 256ஐப் 10இன் அடுக்கு 9ஆல் பெருக்கி 2இன் அடுக்கு 30ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 64 ஜி.பி. பென்டிரைவுக்கு எவ்வளவு வரும் என்பதை வீட்டுப்பாடமாகத் தரலாம்; விடை ஏறத்தாழ 59.6.

கடைசியாக ஒரு நோட்டு

கணினி அறையின் அலமாரியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு பக்கம். உள்ளே இருக்கும் ரேமின் வகை, மின்வழங்கி மாற்றிய நாள், எந்தக் கடை, ரசீது எண், உத்தரவாதம் முடியும் நாள். கடைசிப் பக்கத்தில் கடைகளின் பெயரும், எந்தக் கடையில் எது நன்றாகக் கிடைக்கும் என்ற குறிப்பும். கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் மாறுதலில் போகும்போது சாவிக்கொத்தோடு இந்த நோட்டையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் குப்பைத் தொட்டியிலோ காயலான் கடையிலோ போடாமல், அட்டைப் பெட்டியில் எண்ணிட்டு வைத்து, முறைப்படி கழிவு செய்ய அனுமதி கிடைக்கும்போது அங்கீகரிக்கப்பட்ட மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்பதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.